சத்தமில்லாத கீபோர்டுக்கு ஒரு குறை

ஒரு குறையாவது வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம், சின்னதாக ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும். தெய்வசிகாமணி கீபோர்டை அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார், கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்த ரப்பர்க் கால்களை நகத்தால் நெம்பினார், வயரைப் பிடித்து இழுத்தார், ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரத்திலும் மாற்றி மாற்றிக் குத்தினார். எதுவும் ஆடவில்லை. எதுவும் கழன்று வரவில்லை. ஓசியில் வந்த சாமான் இவ்வளவு யோக்கியமாக இருந்தால் மனுஷன் எதைத்தான் எழுதித் தொலைப்பது? மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவினவர் நேரே இங்கே வந்து உட்கார்ந்தார், இன்னும் முதல் வரியைத் தாண்டவில்லை. வேலை பார்த்த மில் மூடின பிறகு இத்தனை வருஷமாக இதுதான் பிழைப்பு. பிழைப்பு என்றால் சம்பளம் கிடையாது, சாமான்தான் சம்பளம். கம்பெனிக்காரர்கள் மவுஸ், ஸ்பீக்கர், ஹெட்போன், கீபோர்டு என்று பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். இவர் உபயோகித்துப் பார்த்துத் தம்முடைய வலைப்பக்கத்தில் தமிழில் ரிவ்யூ எழுதுவார். சாமான் இவருக்கே. பக்கத்தின் பெயர் 'சிகாமணி சொல்றார்'. ஒவ்வொரு ரிவ்யூவும் முடிவதும் அதே மாதிரிதான்: சிகாமணி சொல்றார், வாங்கலாம். இல்லையென்றால், சிகாமணி சொல்றார், வேண்டாம். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிற பையன்கள் அந்தக் கடைசி வரியை மட்டும் செல்போனில் நீட்டுகிறார்கள் என்று ஒரு கடைக்காரரே அவரிடம் அலுத்துக்கொண்டிருக்கிறார். புகழ்ந்து எழுது என்று எந்தக் கம்பெனியும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாம், திட்டி எழுதினால் அடுத்த பெட்டி வராது, அவ்வளவுதான். மற்ற ரிவ்யூக்காரர்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆஹா ஓஹோ என்று தூக்கி வைத்துவிட்டு, பார்க்கிறவன் நம்பட்டும் என்று கடைசியில் 'வயர் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்' என்று ஒரு குறையைப் போடுவார்கள். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் தெய்வசிகாமணிக்குப் பற்றிக்கொண்டு வரும். வயராம், நீளமாம். எந்தக் கம்பெனிக்காரனுக்கு அதில் வலிக்கப்போகிறது? இவர் எழுதுகிற குறை நிஜக் குறையாக இருக்கும். தேடிப் பிடித்து எழுதுவார். அதனால் வராமல் போன பெட்டிகள் உண்டு, அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. கர்வப்பட வேறொன்றும் இல்லை. செல்போன் மினுங்கியது. சென்னையிலிருந்து ஷெரின், இந்தப் பெட்டியை அனுப்பின விளம்பர ஆபீஸ் பெண். 'சார், நாளைக்குக் காலைல லான்ச். ஈவ்னிங் அஞ்சு மணிக்குள்ள போட்ருவீங்கல்ல சார்?' போடலாம் தாயே, போடலாம். குறையைத்தான் காணோம்.

கீபோர்டுகளுக்கு அவர் வைக்கிற பரீட்சை ஒன்று இருந்தது. மற்றவர்கள் வாய்க்கு வந்ததை அடித்துப் பார்ப்பார்கள். இவர் தம்முடைய கல்யாணப் பத்திரிகையை அடிப்பார். பார்க்காமல் அடிக்கிற அளவுக்கு அவருக்கு மனப்பாடமான நீளமான சமாச்சாரம் அது ஒன்றுதான். அவிநாசியில் டைப் இன்ஸ்டிட்யூட்டில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் கல்யாணம் நிச்சயமானது. அப்பாவின் கோழிக்கிறுக்கலைப் படிக்க முடியாது என்று அச்சாபீஸ்காரர் திருப்பி அனுப்பிவிட, மாப்பிள்ளையே உட்கார்ந்து தமது பத்திரிகையை டைப் அடித்துக் கொடுக்கும்படி ஆயிற்று. பக்கத்து மெஷின்களில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நிகழும் மங்களகரமான என்று ஆரம்பித்து, திருநிறைச்செல்வன் தெய்வசிகாமணிக்கும் திருநிறைச்செல்வி வசந்தாமணிக்கும் என்கிற இடம் வரும்போது அன்றைக்கு விரல் தடுமாறியது. இன்றைக்கும் எந்தக் கீபோர்டில் அடித்தாலும் அங்கே ஒரு கணம் நிற்கும், அந்த நிற்பை வைத்தே விசை எப்படி என்று அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருஷத்தில் எத்தனை கீபோர்டில் வசந்தாமணி வசந்தாமணி என்று அடித்திருப்பார். அவளிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் வேற வேலை இல்லையா என்பாள். இப்போதும் அடித்தார். விரல்கள் இறங்கின, ஏறின, திரையில் பத்திரிகை விரிந்தது, சத்தம் இல்லை. பெட்டியின்மேல் 'குசுகுசுப்பைவிட மெல்லியது' என்று அச்சடித்திருந்தார்கள். இந்த மாதிரி வாசகம் எப்போதும் பொய்யாகத்தான் இருக்கும், பிடித்துக் குதறிவிடலாம் என்று அதைத்தான் அவர் முதலில் நம்பியிருந்தார். குனிந்து, விசைகளுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்து அடித்தார். இல்லை. ஓங்கி அடித்தார். மேசை தொம்மென்று அதிர்ந்தது, அது மேசையின் சத்தம், அதைக் கீபோர்டின் தலையில் கட்ட முடியாது, அந்த அளவுக்கு அவர் அயோக்கியர் இல்லை. கீபோர்டுகளே இப்போதெல்லாம் மாறிவிட்டன. போன வருஷக் கடைசியில் அவரே ஒரு கட்டுரை எழுதினார், 'கீபோர்டுகள் அடங்கிவிட்டன' என்று, எந்தக் கம்பெனி என்றில்லாமல் எல்லாவற்றிலும் சத்தம் குறைந்துவிட்டது, நல்ல முன்னேற்றம் என்று. அதற்குக் கீழே ஒரு பையன் 'எந்த உலகத்துல சார் இருக்கீங்க' என்று கேட்டிருந்தான். திமிர் பிடித்தவன். அவிநாசி இன்ஸ்டிட்யூட்டில் வந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் அவன். நீளக் கூடம் முழுக்க மெஷின்கள், எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்த மாதிரி இருக்கும். அதைக் கேட்ட காது இது. அதற்குப் பிறகு மில்லைக் கேட்ட காது.

மில்லில் அவருடைய கம்ப்யூட்டர் அறை, நூல் நூற்கிற ஸ்பின்னிங் ஷெட்டைத் தாண்டி இருந்தது. காலையில் ஒரு முறை, சாப்பாட்டுக்கு ஒரு முறை, ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போக எத்தனையோ முறை, அந்த ஷெட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். கதவைத் திறந்தாலே சத்தம் நெஞ்சில் வந்து மோதும். உள்ளே யாரும் வாயால் பேச மாட்டார்கள், பேசிப் பயனில்லை, எல்லாம் கைதான். குவித்த விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. மீசை இருக்கிற இடத்தை முறுக்கிக் காட்டினால் மேனேஜர் வருகிறார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டே ஒருத்தி இந்தக் கோடியிலிருந்து கையால் ஏதோ காட்ட, அந்தக் கோடியில் இருப்பவள் விழுந்து விழுந்து சிரிப்பாள், அந்தச் சிரிப்புக்கும் சத்தம் கேட்காது. அவர்கள் எல்லோரும் கழிவுப் பஞ்சைத் திரித்துக் காதில் வைத்திருப்பார்கள். இவரிடமும் ஒரு அம்மாள் நீட்டினாள். சட்டைப் பையில் பேனா செருகின ஆள் காதில் கழிவுப் பஞ்சோடு மேனேஜர் முன்னால் போய் நிற்பதா என்று வாங்கவில்லை. அவ்வளவு சத்தத்திலும் ஒன்றும் ஆகவில்லை, நல்ல காது, பரம்பரைக் காது. இதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும் என்றும் எரிச்சல் வந்தது. குறையைத் தேடு என்றால் மனசு பஞ்சைத் தேடிக்கொண்டு போகிறது. விசைகளில் அச்சடித்த எழுத்து அழியுமா? நகத்தால் சுரண்டினார். அழியவில்லை. வயர்? வயர் தேவைக்கு மேலேயே நீளம், அந்த வழியையும் அடைத்துவிட்டான் பாவி.

மணி நாலு அடித்து எவ்வளவோ நேரமாகியும் டீ வரவில்லை. அது வேறு. நாலு மணி என்றால் டீ மேசைக்கு வர வேண்டும், இத்தனை வருஷ வழக்கம், ஒன்றும் ராஜ உபசாரம் கேட்கவில்லை. வசந்தாமணி வாசலில் வந்து நின்றாள், வாயை அசைத்தாள், திரும்பிப் போய்விட்டாள். "என்ன?" என்று கத்தினார். அவள் திரும்பி வரவில்லை. இதுதான் அவளுடைய புதுப் பழக்கம். பேசுவதை எதிரில் நின்று பேசுவது கிடையாது, முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுவது, வாய்க்குள்ளேயே பேசி வாய்க்குள்ளேயே முழுங்கிவிடுவது. என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுவது. அவளுக்கு ஒரு ரிவ்யூ எழுதினால் தேவலை என்று இருந்தது. ஆரம்ப வருஷங்களில் ஒலி அளவு அபாரம், அடுத்த தெருவுக்குக் கேட்கும், ஆனால் சமீப காலத்தில் குரல் மங்கிவிட்டது, வார்த்தைகளின் ஓரங்கள் தேய்ந்துவிட்டன, கம்பெனிக்கு எழுதிக் கேட்டும் பதில் இல்லை. சிரிப்பு வந்தது, உடனே எரிச்சல் அதை முழுங்கியது. அவள் மட்டுமா? இந்த வீட்டில் எதுதான் ஒழுங்காக இருக்கிறது? குக்கர். விசில் வந்ததும் நிறுத்துங்க என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போனாள், இவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே காவல்காரர் மாதிரி நின்றார், விசிலே வரவில்லை, பருப்பு தார் மாதிரி ஆகிவிட்டது. குக்கரின் குண்டு சரியில்லை என்று புதுக் குண்டு வாங்கினார், ரப்பர் மாற்றினார், கடைசியில் குக்கரையே மாற்றினார், புதுக் குக்கரும் ஊமை. ஆவி பீய்ச்சி அடிக்கிறது, விசில் கிடையாது. காலிங் பெல்லும் அப்படித்தான். கூரியர்காரப் பையன்கள் போன் பண்ணி, "சார், எவ்ளோ நேரமா பெல் அடிச்சுட்டு நிக்கறனுங்" என்கிறார்கள். பேட்டரி மாற்றினார், பெல்லை மாற்றினார், கடைக்காரனிடம் சண்டை போட்டார். மகள் கவின்மலர் பெங்களூரிலிருந்து வாரா வாரம் பேசுவாள், இப்போது மெசேஜ்தான் அனுப்புகிறாள். போனில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது என்று அவர்தான் சிம் கார்டை மாற்றினார். புது சிம்மிலும் அதே கிணறுதான். தயாரிப்பே மோசமாகிவிட்டது, எதிலும் அக்கறை கிடையாது, செய்கிறவனுக்கும் அக்கறை இல்லை, விற்கிறவனுக்கும் இல்லை. ஒரு சாமான் கெட்டால் அது சாமானின் குற்றம். இத்தனை சாமானும் ஒரே வீட்டில் வரிசையாகக் கெட்டால். அந்த இடத்தில் நினைப்பு வழக்கம்போல நின்றது. கொஞ்ச நேரம் நின்று, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

பால்கனித் தொட்டியில் செம்பருத்தி பூத்திருந்தது. தேன்சிட்டு ஒன்று கிளையில் தொங்கிக்கொண்டு பூவுக்குள் மூக்கை விட்டது, எடுத்தது, நிமிர்ந்து உட்கார்ந்து அலகைத் திறந்தது. அலகு திறந்து மூடித் திறந்து மூடியது, தொண்டையில் குட்டி இறகுகள் புடைத்துப் புடைத்து அடங்கின. ஜன்னல் கண்ணாடி சாத்தியிருக்கிறதோ என்று பார்த்தார். திறந்துதான் இருந்தது. குஞ்சு பொரிக்கிற பருவத்தில் சத்தம் போடாதுபோலிருக்கிறது, பூனைக்குத் தெரிந்துவிடும் அல்லவா. அப்படி எங்கேயோ படித்த ஞாபகம். எங்கே படித்தார்? படிக்கவில்லை. அவருக்கே தெரிந்தது, இது இந்த நிமிஷம் தாமே செய்துகொண்டது. பார்வையைத் திருப்பிக்கொண்டார். அலமாரியின் மேல்தட்டில் ஹெட்போன் பெட்டிகள் வரிசையாக இருந்தன, ஓசியில் வந்தவை, திருப்பி அனுப்பவும் முடியாது, விற்கவும் கூடாது, கல்யாண வீட்டு எவர்சில்வர் மாதிரி குவிந்து கிடக்கின்றன. அதில் கடைசியாக வந்தது இதே கம்பெனியின் ஹெட்போன். கீழ்ச் சுரங்கள் கனமாக இருக்கின்றன, ஆனால் மேல் சுரங்கள் செத்துக் கிடக்கின்றன, சலங்கையும் ஜால்ராவும் எங்கே போயின, சிகாமணி சொல்றார், வேண்டாம். அதற்கு முன்னால் வந்த வேறு கம்பெனி ஹெட்போனிலும் மேல் சுரம் செத்திருந்தது. அதற்கு முன்னால் வந்ததிலும். இந்தக் கம்பெனியின் இஞ்சினியர் ஒருவர் மரியாதையாக ஒரு கடிதம் போட்டார், மெஷினில் அளந்த படம் ஒன்றையும் சேர்த்து. பாருங்கள் சார், மேல் சுரத்தில் கோடு நன்றாகவே நிற்கிறது, ஒருவேளை உங்களுக்கு வந்த பீஸில் ஏதாவது பழுதா, வேறொன்று அனுப்பட்டுமா? இவர் சும்மா இருந்தாரா? 'கோட்டைக் காதில் மாட்டிக்கொள்ள முடியாது, ஐயா' என்று பதில் எழுதி அதைத் தம் பக்கத்திலும் போட்டார். வாசகர்கள் கைதட்டித் தீர்த்துவிட்டார்கள். சிகாமணின்னா சிகாமணிதான். விலைபோகாத மனுஷன். அன்றைக்கு அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தக் கோடு இப்போது கண்முன்னால் வந்து நின்றது. இடப்பக்கம் எழும்பி, நடுவில் லேசாகத் தாழ்ந்து, வலப்பக்கக் கடைசி வரைக்கும் நிமிர்ந்து நிற்கிற கோடு. போ அந்தப் பக்கம் என்றார் மனசுக்குள். அது போகவில்லை. கோடு போகாமலிருக்க, காய்கறிக் கடையிலிருந்து திரும்பும்போது வசந்தாமணி ஒரு போர்டின் கீழே நின்றது ஞாபகம் வந்தது. காது, மூக்கு, தொண்டை. அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, தன் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு இவர் முகத்தைப் பார்த்தாள். "என்ற காதுக்கு என்ன வந்துச்சு? உனக்குத் தொண்டையைப் பாக்கோணும்னா பாரு" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்துவிட்டார். அவள் வெகுதூரம் பின்னால் வந்தாள்.

சரி, குறை இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிட்டால் என்ன? அந்த யோசனை வந்ததும் மனசு இலேசானது. இத்தனை வருஷமாகக் குறை சொல்லியே பேர் வாங்கின மனுஷன் ஒரே ஒரு தடவை குறையில்லை என்றால் அதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும். மற்றவர்கள் வயரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க, சிகாமணி மட்டும் தைரியமாக இந்தச் சாமான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது என்பார். நிமிர்ந்து உட்கார்ந்தார். 'முதல் தடவையாக உங்கள் சிகாமணி குறை தேடித் தோற்றுவிட்டார்' என்று ஆரம்பித்தார். நல்ல ஆரம்பம். விரல் பறந்தது. 'சத்தம் கொஞ்சமாக இருக்கிறது என்று சொன்னால் அது இந்தக் கீபோர்டுக்குச் செய்கிற துரோகம். சத்தம் இல்லவே இல்லை. தூங்குகிற குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கலாம்.' வரிக்கு வரி உற்சாகம் ஏறியது. எழுதி முடித்துவிட்டுக் கை சும்மா இருக்காமல், சந்தோஷத்தில், கல்யாணப் பத்திரிகையை மறுபடி முதலிலிருந்து கடகடவென்று அடிக்க ஆரம்பித்தார். வசந்தாமணிக்கும் என்கிற இடத்தில் நின்றபோது தோளில் ஒரு கை விழுந்தது. தூக்கிவாரிப் போட்டது. வசந்தாமணிதான், முழங்கை வரைக்கும் சப்பாத்தி மாவு, நெற்றியில் ஒரு கோடு மாவு.

"ஏனுங்க, போதுமுங்க. அதக் கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள், முகத்துக்கு நேராகக் குனிந்து.

"எத நிறுத்தச் சொல்ற?"

"இதத்தானுங்க. மத்தியானத்துல இருந்து டக்கு டக்குன்னு சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. தலை விண்ணு விண்ணுங்குது எனக்கு."

தெய்வசிகாமணி சிரித்துவிட்டார். "உனக்கென்ன கிறுக்கா? இது சத்தமே வராத கீபோர்டு. அதுக்குத்தான் அவன் அனுப்பியிருக்கான். இப்பத்தான் எழுதி முடிச்சேன்."

"எழுதீட்டா ஆச்சுங்களா? அடிச்சுப் பாருங்க."

அடித்தார். "பாத்தியா?" என்றார். அவள் கீபோர்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் அவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஜுரம் வந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. இவளுக்குத் தலைவலி, அதனால் மண்டைக்குள் டக்கு டக்கென்கிறது, அதைக் கொண்டுவந்து என் கீபோர்டின்மேல் போடுகிறாள். பரீட்சை என்றால் பரீட்சை. சாமானோ பெண்டாட்டியோ, அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். "நீ போய்ச் சமையக்கட்டுல நில்லு. அந்தப் பக்கமாத் திரும்பிக்க, இங்க பாக்கக் கூடாது. நான் அடிக்கறப்பக் கேட்டுச்சுன்னா கையத் தூக்கு. கேக்கலைன்னா தூக்காத. ஏமாத்தக் கூடாது," என்றார். அவள் போனாள். மேசையிலிருந்து பார்த்தால் சமையல் மேடை தெரியும். அவள் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். முதுகு தெரிந்தது, ஜாக்கெட்டின் வியர்வை தெரிந்தது, கொண்டை தளர்ந்து பின்கழுத்தில் கிடந்தது.

ஒரு விசையைத் தட்டினார். மாவுக்கை மேலே போனது. தற்செயல். இறங்கக் காத்திருந்து, இன்னும் மெதுவாக, விரல் நுனியால் ஒத்தடம் கொடுப்பதுபோல ஒன்றை அழுத்தினார். கை போனது. அடிக்காமல் சும்மா இருந்தார். கை இறங்கியே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், அவளாகப் பொறுமை கெட்டுத் தூக்குவாள் என்று. தூக்கவில்லை. இரண்டு விசையை அடுத்தடுத்துத் தட்டினார். கை இரண்டு முறை எழுந்தது, கொஞ்சம் அவசரமாக, மாவு உதிர்ந்தது. அவளுக்கு எதிரில் இருக்கிற பாத்திரத்தின் பளபளப்பில் இவர் கை தெரிகிறதோ என்று கீபோர்டை மடியில் வைத்து மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டு அடித்தார். கை எழுந்தது. ஸ்பின்னிங் ஷெட்டின் கோடியில் நின்று ஒருத்தி இன்னொருத்திக்குக் காட்டுகிற கை அது, சத்தமில்லாமல் வந்து சேர்கிற சேதி. அவருடைய விரல் விசைமேல் இருந்தது, கண் அந்தக் கைமேல் இருந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் தமக்குத் தெரியாமல் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது, அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவருக்குப் பயமாக இருந்தது. எரிச்சலுக்கு அடியில் இத்தனை நாளாகக் கிடந்தது இந்தப் பயம்தான் என்பது புரிந்ததும் எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, பயம் மட்டும் மடியில் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தது. குக்கர் கெடவில்லை. பெல் கெடவில்லை. சண்டை போட்ட கடைக்காரனின் முகம் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து பேசாத மகள் வந்தாள், கோடு வந்தது, வலப்பக்கக் கடைசி வரைக்கும் நிமிர்ந்தே நின்ற கோடு. அதைக் கேலி பண்ணிக் கைதட்டல் வாங்கினது வந்தது. விலைபோகாத மனுஷன். விலைதான் போகவில்லை. காது போய்விட்டதே.

எழுந்து சமையலறைக்குப் போனார். அவள் இன்னும் திரும்பாமல் நின்றிருந்தாள், ஏமாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தாரே. தோளைத் தொட்டுத் திருப்பினார்.

"எப்ப இருந்து?" என்றார்.

அவள் கையை உதறி மாவைத் தட்டிக்கொண்டாள். "அந்தக் குக்கர் தீஞ்சுது பாருங்க, அதுக்கும் முன்னாலயே எனக்குத் தெரியுமுங்க."

"அப்பறம் எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லாமயா? ரண்டு வருசமாச் சொல்லீட்டுத்தானுங்க இருக்கறேன். நீங்கதான் வாய்க்குள்ள பேசறேன் வாய்க்குள்ள பேசறேன்னு கத்தறீங்க." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. உடைந்தது அவருக்குக் கேட்கவில்லை, உதடு கோணியதில் தெரிந்தது. இவ்வளவு நாளும் அவள் பேசினதில் பாதியை இப்படித்தான் கண்ணால் கேட்டிருக்கிறோம், முதுகைக் காட்டினால் எரிச்சல் வந்தது இதனால்தான். நல்ல வார்த்தை ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வந்தது ஒரு ரிவ்யூக்காரனின் கேள்விதான்.

"எப்படி இருக்குது அந்தச் சத்தம்?"

வசந்தாமணி யோசித்தாள். இதுவரைக்கும் அவளிடம் ஒரு சாமானைப் பற்றியும் அவர் கேட்டதில்லை. "கடுகு பொரியற மாதிரி இருக்குதுங்க. எண்ண நல்லாக் காஞ்சப்பறம் போட்ட கடுகு. அதும் நீங்க நிறுத்தவே மாட்டீங்கறீங்க, கிலோக் கணக்குல பொரியுது."

கடுகு பொரிவதைக் கடைசியாக எப்போது கேட்டோம்? தினமும் தாளிக்கிறாள். வாசனை வரும், இவர் சாப்பிட வருவார். சத்தம் ஞாபகத்தில் இருந்தது, அது எந்த நாளோடு நின்றது என்பது ஞாபகத்தில் இல்லை. அது நின்ற அன்றைக்கு அவருக்குத் தெரியவே தெரியாது.

"வாங்கலாமா, வேண்டாமா?"

"அய்யோ, வேண்டவே வேண்டாமுங்க."

மேசைக்குத் திரும்பினார். செல்போனில் ஷெரின் மறுபடி மினுங்கிக்கொண்டிருந்தாள். எழுதி வைத்ததை அப்படியே அனுப்பிவிட்டால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது, கம்பெனிக்குச் சந்தோஷம், அடுத்த பெட்டி வரும். காது கேட்காத ஆளுக்கு எந்தக் கம்பெனி ஹெட்போன் அனுப்பும், ஸ்பீக்கர் அனுப்பும்? சிகாமணி சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? மில் கதவை இழுத்து மூடின அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. தூங்குகிற குழந்தையின் தொட்டில் திரையில் அசையாமல் இருந்தது. எந்த வீட்டுக் குழந்தையோ பதறி எழுந்து அழும். மொத்தத்தையும் அழித்தார். அழிக்கிற விசையும் கடுகு மாதிரிதான் பொரியும்போலிருக்கிறது, பின்னால் வந்து நின்ற வசந்தாமணி முகத்தைச் சுளித்துக்கொண்டது திரையின் ஓரத்தில் நிழலாகத் தெரிந்தது. அடித்தார். 'இந்தக் கீபோர்டில் சத்தம் வருகிறது. சமையலறை வரைக்கும் கேட்கிறது. எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட்ட கடுகு பொரிகிற மாதிரி இருக்கிறதாம். எனக்குக் கேட்கவில்லை. கேட்டவர் என் மனைவி. இதற்கு முன் ஹெட்போன்களில் மேல் சுரம் செத்திருக்கிறது என்று எழுதினேன் அல்லவா, அதில் எது ஹெட்போனின் குறை, எது என்னுடைய குறை என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. கோடு போட்டு அனுப்பின இஞ்சினியர் ஐயா என்னை மன்னிக்க வேண்டும். மற்றபடி விசைகள் உறுதியாக இருக்கின்றன. வயர் தேவையான நீளம் இருக்கிறது.' வழக்கமான கடைசி வரிக்கு வந்து, சிகாமணி என்று அடித்தார். அழித்தார். அவருக்கு எந்தக் கீபோர்டிலும் விரல் நிற்கிற அந்தப் பெயரை அடித்தார், இந்த முறை விரல் நிற்கவில்லை. 'வசந்தாமணி சொல்றார், வேண்டாம்.' அஞ்சு மணிக்குள் போட்டுவிட்டார்.

பின்னாலிருந்து அவள் ஏதோ சொன்னாள். சொன்னது கழுத்தில் பட்ட மூச்சில்தான் தெரிந்தது. என்ன என்று கத்த வாய் வரைக்கும் வந்தது, வந்த இடத்திலேயே நின்றது.

"இந்தப் பக்கமா வந்து சொல்லு," என்றார்.

வசந்தாமணி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றாள்.

"டீ போட்டு மேடைல வெச்சுட்டு அப்ப இருந்து கூப்பிடறனுங்க," என்றாள். "ஆறிப்போய்க் கெடக்குது. வாங்க, சுட வெச்சுத் தாறேன்."